மேசையில் இருந்த தூள் போத்தல்

கல்யாணமாகிக் கண்டியில் குடித்தனம் தொடங்கிய காலத்தில், சாயங்காலம் என்றாலே எனக்குப் பயம். கணவர் யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர், கந்தோரில் கிளாக்கர். நான் கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவள். என் அப்பாவும் வடக்கிலிருந்து வந்தவர்தான். ஆனால் எங்கள் வீட்டுச் சமையல் எப்போதோ மலைநாட்டுக்கு மாறிவிட்டிருந்தது. பருப்பைத் தேங்காய்ப்பாலில் வெள்ளையாக வைப்போம். பிஞ்சுப் பிலாக்காய்க் கறி வைப்போம். தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு இடித்துப் போடுவோம். இரவிலும் சோறுதான். என் கணவருக்கோ இரவில் சோற்றைக் கண்டால் முகம் சுருங்கும். பிட்டு வேண்டும், அதற்கு நாக்கு எரிகிற உறைப்பில் ஒரு குழம்பும் வேண்டும்.

அவர் கந்தோர் விட்டு வருவதற்குள் இத்தனையும் ஆக வேண்டும். மழைக்காலத்தில் விறகு பற்றாது. ஊதி ஊதிக் கண் எரியும். ரயிலில் வருகிற மீன் எங்கள் சந்தைக்கு வரும்போது அதன் கண்ணும் சிவந்துதான் இருக்கும். அதைப் புளி போட்டுக் கழுவி, அவருக்கு ஒரு சட்டி, எனக்கு ஒரு சட்டி என்று கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தேன். பிறகு வெறுத்துப் போய் என் பக்குவத்தில் ஒரே சட்டி என்று ஆக்கிவிட்டேன். நான் நடத்துவது குடும்பமா, சாப்பாட்டுக் கடையா?

அதற்குப் பிறகுதான் அந்தப் போத்தல் மேசைக்கு வந்தது. மாமி, அதாவது அவருடைய அம்மா, வறுத்து இடித்து ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிற மிளகாய்த்தூள். இவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். போத்தலைத் திறந்து, காரம் போதாதென்று என் கறியின் தலையில் ஒரு கரண்டி தூளைக் கொட்டுவார். அதற்குப் பிறகுதான் வாயில் வைப்பார்.

"உறைப்புக் காணாது."

"முதல்ல சாப்பிட்டுப் பாத்திட்டுச் சொல்லுங்கோவன்."

"பாக்கத் தேவையில்லை. கண்டிக் கை எனக்குத் தெரியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் தட்டைக் கொஞ்சம் ஓசையாகவே வைத்தேன். வாய்த்தர்க்கம் முற்றியது.

"அம்மாவை இஞ்ச கூப்பிடப்போறன். எங்களோடயே இருந்து சமைக்கட்டும்," என்றார்.

மாமி ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் பிறகு அது என் அடுப்படி இல்லை. அந்தச் சின்ன வீட்டில் நான் சொன்னபடி நடக்கிற இடம் அது ஒன்றுதான். பயமாகத்தான் இருந்தது. ஆனால் ரோசம் விடவில்லை.

"வடிவாக் கூப்பிடுங்கோ, எனக்கென்ன?" என்றேன்.

மாமி வந்தார். பெட்டியில் சேலையைவிடத் தூளும் பனங்கிழங்கு ஒடியல் மாவும்தான் கூட. மறுநாள் காலையிலேயே என் மாசி டின்னைத் தூக்கி மேல்தட்டில் வைத்தார்.

"எல்லாத்துக்கும் மாசியோ பிள்ளை? நீர் போய் இரும். இனி நான் பாக்கிறன்."

விறாந்தையில் போய் உட்கார்ந்தேன். அழுகையாக வந்தது. அழுதால் அடுப்படிவரை கேட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

அன்று மாமியே மீன்காரனோடு பேரம் பேசி மீன் வாங்கினார். தன் தூளைப் போட்டுக் குழம்பு வைத்தார், பிட்டு அவித்தார். முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு, மகன் சாப்பிடுவதைப் பார்க்க மேசையருகே வந்து அமர்ந்தார். பரிமாறுகிற வேலை மட்டும் எனக்கு. பழக்கதோசத்தில் போத்தலையும் எடுத்து வைத்தேன்.

இவர் வந்து உட்கார்ந்தார். அம்மா சும்மா இருக்க, கரண்டி என் கையில் இருப்பதைப் பார்த்தார். அம்மாவிடம் ஊர்ப் புதினம் கேட்டபடியே போத்தலைத் திறந்து ஒரு கரண்டி கொட்டினார். பிட்டைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

"பாத்தியளே அம்மா? நான் சொன்னது சரிதானே? இவவுக்கு உறைப்புப் போடவே தெரியாது."

மாமி குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

"தம்பி, அது நான் வைச்ச குழம்பு."

அவருக்குப் புரைக்கேறியது. நான் தண்ணீர் கொடுத்தேன்.

"இல்லை அம்மா, மீன் பழசு போல..."

"மீனும் நான்தான் பாத்து வாங்கினது."

மாமி எழுந்து, போத்தலை இறுக்கி மூடி, கொண்டுபோய்த் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு அடுப்படிக்குப் போய் மாசி டின்னை இறக்கி என் கையில் தந்தார்.

"நாளைக்கு நீரே சமையும் பிள்ளை. இவனுக்கு ஆர் சமைச்சாலும் ஒண்டுதான்."

மறுநாள் மாலை நான் சோறு, வெள்ளைப் பருப்பு, மாசிச் சம்பல் வைத்தேன். மாமி சாப்பிடத் தொடங்கினார். இவருடைய கை போத்தல் இருந்த இடத்துக்குப் போய்த் துழாவிவிட்டுத் திரும்பியது. வேறு வழியில்லாமல் பருப்பைச் சோற்றில் விட்டுப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாயும் சாப்பிட்டார்.

"உறைப்புக் காணாது," என்றார்.

இந்த முறை சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.