எழுபத்து மூன்றாம் இதழ்

சென்ற மாதம் எனக்குத் தபாலில் ஒரு சிறப்பு மலர் வந்தது. மேடை மாயாஜாலக்காரர்கள் சிலர் கூடி, தங்கள் தொழிலுக்கென்று தமிழில் வந்த பத்திரிகைகளின் வரலாற்றை வழவழப்பான தாளில் அச்சடித்திருந்தார்கள். அதில் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, காஞ்சிபுரத்திலிருந்து நடத்திய ‘கண்கட்டு’ என்ற மாத இதழுக்கு நாலு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். மாமா இப்போது இல்லை. அவருக்கு வர வேண்டியது என் விலாசத்துக்கு வந்தது.

படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ‘கண்கட்டு’ எழுபத்திரண்டு இதழ்கள் வந்ததாம். காகித விலை ஏறியதால் நின்றுபோனதாம். கடைசி வரைக்கும் வாசகர் ஒருவர்கூட அதைக் குறை சொன்னதில்லையாம். மூன்றும் பொய். எழுபத்து மூன்றாவது இதழ் என் பீரோவில் இருக்கிறது. குறை சொன்ன வாசகர் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது.

மலரைத் தொகுத்தவருக்குப் போன் செய்து கேட்டேன். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்.

“அது இருக்குதுன்னு எங்களுக்கும் தெரியும் மேடம். கணக்குல சேக்க வேணாம்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. உங்க மாமா பேருக்கு நல்லா இருக்காதுன்னுதான்.”

மாமாவின் பேருக்கு எது நல்லது என்று தீர்மானிக்க இவர்கள் யார்? போனை வைத்தேன். நடந்ததை நானே எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

மாமாவுக்குப் பிழைப்பு, பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவது. கட்டம் போட்ட தாளில் அன்னமும் யாளியும் வரைந்து, கட்டங்களின்படி அட்டைகளில் துளை போட்டு, அட்டைகளை வரிசையாகக் கோத்துக் கொடுப்பார். அது தறியின் மேல் ஏறினால் புடவையில் அன்னம் இறங்கும். அட்டைகளை யாரிடமாவது கொடுத்தனுப்பும்போது மட்டும், நடுவில் ஒரு பத்து அட்டையைக் கோக்காமல் தன்னிடமே வைத்துக்கொள்வார். வழியில் எவனாவது டிசைனைத் திருடினால் அவனுடைய அன்னத்துக்குக் கழுத்து இருக்காது. உரியவர் வீட்டுக்குப் பின்னாலேயே போய் அந்தப் பத்தையும் கோத்துக் கொடுத்துவிட்டு வருவார். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும்.

பிழைப்பு அதுவென்றால் பித்து இது. பள்ளிக்கூட ஆண்டு விழா, கோயில் உற்சவம் என்று எங்கே கூப்பிட்டாலும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வித்தை காட்டப் போய்விடுவார். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் மாதாமாதம் ‘கண்கட்டு’ அச்சாகும். வெளியூர் வித்தைக்காரர்களுக்குத் தபாலில் போகும். ‘தொழில் செய்வோருக்கு மட்டும்’ என்று அட்டையிலேயே போட்டிருக்கும். எங்கள் வீட்டில் சாப்பிட வரும்போது ஓர் இதழை மறந்து வைத்துவிட்டுப் போவார். நான் அதை எடுத்து வரிவரியாகப் படிப்பேன். பாடப்புத்தகத்தை இப்படிப் படித்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன் என்று அம்மா சொல்வாள்.

அந்த வருஷம் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மாப்பிள்ளை பக்கத்து ஊரான தாமலில் இருந்தார். கூறைப்புடவையை அப்பாவே எங்கள் வீட்டுத் தறியில் நெய்தார். அரக்கு நிறம், பச்சைக் கரை, மாமா போட்ட அன்னம். தறியிலிருந்து அறுத்து இறக்கிய அன்று அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள். மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் புடவையைப் பார்த்துவிட்டுப் போக வந்தார்கள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் சித்தி பாயில் உட்கார்ந்தார். அம்மாவும் அத்தையும் உள்ளே பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் மாமாவும் பின்கட்டில் இலை நறுக்கினார்கள். புடவை தாம்பாளத்தில் இருந்தது. வந்தவர்களைச் சும்மா உட்கார வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எழுபத்திரண்டாம் இதழில் வந்த வித்தை எனக்கு மனப்பாடமாக இருந்தது. இன்றைக்கும் மறக்கவில்லை.

ஒன்று: சபையோர் மதிக்கும் பட்டுத் துணி ஒன்றை எடுத்துக்கொள்க. விலை உயர்ந்ததாயின் வியப்பும் உயரும்.
இரண்டு: துணியின் நடுப்பகுதியை முஷ்டிக்குள் நுழைக்க.
மூன்று: முஷ்டிக்கு மேல் தெரியும் நுனியைச் சபையில் மூத்தவர் ஒருவரைக் கொண்டு வெட்டுவிக்க.
நான்கு: மும்முறை ஊதி, விரித்துக் காட்டுக. துணி முழுதாயிருக்கும்.

சபையோர் மதிக்கும் பட்டு அந்த வீட்டில் அன்றைக்கு ஒன்றுதான் இருந்தது. புடவையைப் பிரித்து நடுவில் கிள்ளி முஷ்டிக்குள் திணித்துக்கொண்டு, கத்திரிக்கோலைச் சித்தியிடம் நீட்டினேன். அவர் மாமாவின் வித்தையைத் தாமல் கோயில் உற்சவத்தில் பார்த்தவர்.

“மாமன் மாதிரியே வருது பாருங்க!” என்று சிரித்துக்கொண்டே ஒரு வெட்டு வெட்டினார்.

மூன்று முறை ஊதினேன். விரித்தேன். எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஓட்டை. மறுபடி மடக்கி மறுபடி ஊதினேன். அப்புறமும் அது அப்படியேதான் இருந்தது.

“கொஞ்சம் இருங்க, சேந்துக்கும்” என்றேன்.

உள்ளேயிருந்து அம்மா வந்தாள். பிறகு எல்லோரும் வந்தார்கள். அம்மா அடித்தது எனக்குப் பெரிதில்லை. பெரியப்பா பேசியதுதான் பெரிது. அவர் கத்தவில்லை. நான் நீட்டிய இதழை வாங்கி நாலு படியையும் நிதானமாகப் படித்தார்.

“இதுல போட்ட மாதிரி செஞ்சா முழுசா இருக்கும்னு போட்டுக்குது. அப்ப ஏன் ஆவல? இந்தக் கொழந்தைக்கு யாரோ சொல்லிக் குடுத்துக்கிறாங்க. பொண்ணுக்கு இஷ்டம் இல்லன்னா வாயத் தெறந்து சொல்லிருக்கலாம்.”

எனக்கு அதன் அர்த்தம் முழுசாகப் புரியவில்லை. ஆனால் அத்தையின் முகம் போன போக்கைப் பார்த்தேன். எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். புத்தகம் அவருடையது. அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

மாமா இதழை ஒரு தடவை பார்த்தார். பிறகு, “கை பழகாம செஞ்சிட்டா” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கை பழகவில்லையாம்! ஒரு வாரம் துணியில்லாமலே முஷ்டி மடக்கிப் பழகியவள் நான். பெரியப்பா எழுந்து, சொல்லியனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பஜ்ஜியை யாரும் தொடவில்லை.

அப்பா மறுநாளே வேறொரு அரக்குப் புடவைக்குத் தறியில் உட்கார்ந்தார். தாமலிலிருந்து தகவல் வரவில்லை. நாலு நாள், ஐந்து நாள் ஆயிற்று. தெருவில் எனக்குக் ‘கத்திரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அத்தை என்னைத் திட்டவே இல்லை. ஒருநாள் மட்டும் எனக்குத் தலை வாரிக்கொண்டே கேட்டாள்.

“நான் ஏதாவது சொன்னனாமா உங்கிட்ட? வெளாட்டுக்குக்கூட?”

“இல்ல அத்தை. புக்குல இருந்துச்சு.”

“எல்லாரும் இல்லன்றாங்களேமா.”

அன்று மாலை மாமாவோடு சண்டை போடுவதென்றே சன்னதித் தெருவில் இருந்த அவருடைய மாடி அறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது, மாமா இல்லை. பாய் முழுக்கத் தபால் அட்டைகள், மை காய்வதற்காகப் பரப்பியிருந்தன. வேறு வேறு விலாசங்கள், வேறு வேறு ஊர்கள். எல்லாவற்றிலும் ஒரே வரிதான் எழுதியிருந்தது.

‘இரண்டுக்குப் பின்: முஷ்டியில் முன்பே ஒளித்து வைத்த வேறு துண்டின் நுனியை மேலே தள்ளுக.’

ஒரு தடவை படித்தேன். உடனே புரிந்துவிட்டது. அன்னத்தின் கழுத்தை எடுத்து வைத்துக்கொள்ளும் அதே மாமா! இதழ் தனியாகப் போகும், விட்டுவைத்த படி தபால் அட்டையில் பின்னால் போகும். வழியில் யார் படித்தாலும் தலையும் புரியாது, காலும் புரியாது. சந்தாதாரருக்கு மட்டும் புரியும். ஊரிலிருக்கும் வித்தைக்காரர்களுக்கெல்லாம் அட்டை உண்டு, சொந்த அக்காள் மகளுக்குக் கிடையாது. அதைத் தெரிந்துவைத்துக்கொண்டேதான் அத்தனை பேர் நடுவில் கை பழகவில்லை என்று சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை அட்டையையும் கிழித்திருப்பேன். கிழிக்கவில்லை. ‘கண்கட்டு’ கடைசிப் பக்கத்தில் ‘குறை நிறைகளை ஆசிரியருக்கு எழுதுங்கள்’ என்று போட்டிருந்தது நினைவுக்கு வந்தது. தபாலாபீசுக்குப் போய் ஓர் அட்டை வாங்கி, இரண்டு தெரு தள்ளியிருந்த மாமாவுக்கு எழுதித் தபாலில் போட்டேன்.

‘ஆசிரியர் அவர்களுக்கு, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நீங்கள் ஒரு படியை எடுத்துவிட்டீர்கள். நான் பொய் சொல்லவில்லை. அத்தை ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. இதை அச்சில் போடவும். இப்படிக்கு, உங்கள் அக்காள் மகள்.’

நாலைந்து நாளில் எழுபத்து மூன்றாம் இதழ் வந்தது. வழக்கமான பதினாறு பக்கம் இல்லை, நாலே பக்கம். முதல் பக்கத்தில் என் கடிதம் ஓர் எழுத்து மாறாமல் இருந்தது. அதன் கீழே விடுபட்ட படி. அதற்கும் கீழே மாமா எழுதியிருந்தார்: இந்த இதழ் தொடங்கிய நாள் முதல் ஒவ்வொரு வித்தையிலும் ஒரு படியை அச்சிடாமல் விட்டுத் தபால் அட்டையில் அனுப்பி வந்திருக்கிறோம். சிறுமி செய்தது அச்சில் இருந்தபடியே. பிழை ஆசிரியருடையது.

மாமா அதை எடுத்துக்கொண்டு தனியாகத் தாமலுக்கு பஸ் ஏறினார். பெரியப்பா அதைப் படித்தாராம், பழைய இதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தாராம். வாயால் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். அச்சில் இருந்ததால் நம்பினார். இரண்டு நாளில் தேங்காய் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். வெட்டிய சித்தியும் கூடவே வந்து, “எங்கையாலதானே வெட்னேன், எம்மேலயும்தான் தப்பு” என்று என்னை இழுத்து உச்சி மோந்தார். குறித்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. அப்பா நெய்த இரண்டாவது புடவையில் அத்தை மணையில் உட்கார்ந்திருந்தாள். நான் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு இதழை மடித்து இடுப்பில் செருகியிருந்தேன். யாராவது ‘கத்திரி’ என்றால் எடுத்துக் காட்டுவதற்காக.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத ஒன்று உண்டு. மாமா அந்த இதழில் ஒரே ஒரு பிரதி அடித்துத் தாமலுக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். அவருக்கா தெரியாது? ஊரையே ஏமாற்றுவதைத் தொழிலாகச் செய்தவர், இரண்டு கையில் இரண்டு துண்டு வைத்துக்கொள்ளப் பழகியவர். ஆனால் அச்சில் அவர் அப்படிச் செய்யவில்லை. அத்தனை சந்தாதாரருக்கும் அதே நாலு பக்கத்தை அனுப்பினார். தொழில் ரகசியத்தை அவரே அச்சில் உடைத்த இந்த இதழைத்தான் அவர் பேருக்கு நல்லதில்லை என்று மலரில் மறைக்கிறார்கள். ரகசியத்தைக் காத்தவர் என்று பட்டம் வேறு கொடுக்கிறார்கள். அவர் வாழ்நாளில் செய்த ஒரே நேர்மையான வித்தையைக் கத்திரித்துவிட்டுக் கொடுக்கிற பட்டம் யாருக்கு வேண்டும்?

கல்யாணம் முடிந்த பிறகு ஒருநாள் மாமாவின் அறைக்குப் போனேன். மூலையில் தபால் கட்டுகள் என் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. எல்லாம் ‘கண்கட்டு’. பழைய இதழ்களைச் சந்தாதாரர்கள் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கியது. அடுத்த மாதம் சென்னையில் நடக்கவிருந்த வித்தைக்காரர்கள் கூட்டத்துக்கு அவர் வர வேண்டாம் என்று ஒரு கடிதம் மேஜை மேல் பிரிந்து கிடந்தது. அதையும் படித்தேன். டிக்கெட் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டுகளைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் தெருவில் இது எப்போதும் நடப்பதுதான். புடவையில் குறை இருந்தால் கடைக்காரர் அதை நெய்தவரிடமே திருப்பி அனுப்புவார். சரியானதை வாங்கிக்கொள்வார். ஒரு படி குறைந்த இதழ்களை இவர்களும் அப்படித்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், மாமா இனி எல்லாவற்றையும் முழுசாக அடித்துக் கொடுக்க வேண்டும். எனக்குப் பரம திருப்தியாக இருந்தது.

“நல்லா வேணும் உனக்கு” என்றேன்.

மாமா கட்டம் போட்ட தாளில் ஓர் அன்னம் வரைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “ஆமாம்மா” என்றார்.

“இந்த மாசப் புக்கு எங்க?”

“அதான் எல்லாத்தையும் சொல்லியாச்சேமா. இனிமே இன்னா இருக்குது போடறதுக்கு?”

நான் அதை அப்படியே நம்பினேன். மாமாவுக்குத் தெரிந்த வித்தையெல்லாம் தீர்ந்துபோய்விட்டது போலிருக்கிறது, பாவம் என்று தோன்றியது. ஜெயித்தவள் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று, கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்து அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

“பரவால்ல மாமா. புதுசா ஏதாவது கத்துக்கினு வா. அப்புறம் போட்டுக்கலாம்.”

மாமா மறுபடி தாளில் குனிந்துகொண்டார். சரிம்மா என்றார்.