வயிற்றுவலிக்காரிகள்

'பாலூட்டும் அறை' என்று எங்கள் கம்பெனியில் ஒரு கதவின் மேல் எழுதியிருந்தது. பக்கத்தில் குழந்தையை அணைத்த பெண்ணின் படம். கதவைத் திறந்தால் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி அது. லைனில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

மாட்டுக்கு 'ஊட்டுறது' என்ற வார்த்தையைச் சொல்ல எங்கள் ஊரில் எவனுக்கும் கூச்சமில்லை. "கன்னு ஊட்டுச்சா?" என்று டீக்கடையிலேயே கேட்பார்கள். மனுஷிக்கு என்றால்தான் வாய் கூசும். வீட்டில் 'பசியாத்துறது' என்போம். கம்பெனியில் அதுவும் கிடையாது. லைனை விட்டு நகர்ந்தால் சூப்பர்வைசரிடம் காரணம் சொல்ல வேண்டும், சுற்றிலும் பையன்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் ஒரே காரணம் சொன்னோம், வயிற்றுவலி. பிள்ளை பெற்றுத் திரும்புகிறவளுக்கு வேலைக்கு முன்னால் அந்தப் பொய்தான் பழகும்.

என் மகனுக்கு அப்போது ஐந்து மாதம். மதியம் நாத்தனார் அவனை ஷேர் ஆட்டோவில் கேட்டுக்குத் தூக்கி வருவாள். செக்யூரிட்டி கொட்டகைக்குப் பின்னால், லாரிக்காரர்கள் ஒன்றுக்குப் போகிற சுவரோரம், துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்காருவேன். அவனுக்கு அரை வயிறு நிரம்புவதற்குள் மணி அடித்துவிடும். மிச்சப் பால் சட்டையை நனைக்கும், மார் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும். பிள்ளைக்கு எடை ஏறவில்லை என்று ஆஸ்பத்திரி நர்ஸ் என்னைத் திட்டினார். திட்டு வாங்க நான், சம்பாதிக்கக் கம்பெனி.

பகலுக்கு மட்டும் டப்பா பால் என்று வீட்டில் முடிவானது. எனக்கு வயிறு எரிந்தது. மறுநாளே போய் சூப்பர்வைசர் முன்னால் நின்றேன்.

"இன்னாம்மா, திரும்ப வயித்து வலியா? மாத்திரை போட்டுக்கினு நில்லு."

"வலியெல்லாம் இல்ல சார். என் புள்ளைக்கு முலை குடுக்கணும். அந்த ரூம்ல பொட்டிய அடுக்கி வெச்சிக்கினு இன்னா பண்றீங்க?"

பையன்கள் தலை குனிந்துகொண்டார்கள். தாய்ப்பால் குடித்து வளர்ந்த பயல்கள்தான் எல்லாரும். சூப்பர்வைசர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "இத்தினி நாளா ஒருத்தரும் கேக்கலயேம்மா. யாருக்கும் வேணான்னுதான் ஸ்டோருக்கு உட்டுட்டோம்."

யாருக்கும் வேண்டாமாம். சட்டை நனைந்து நின்றவர்களைத் தினமும் பார்த்த மனிதர் சொன்னது இது.

பெட்டிகளை எடுக்க அவர்களுக்கு ஒரு மாதம் ஆனது. அதுவரை பிள்ளைக்குப் பகலெல்லாம் பாட்டில். நாற்காலி போட்டு, நாத்தனாரை உள்ளே விட அனுமதியும் தந்தார்கள். முதல்முறையாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளையை மாரில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபக்கம் வைத்தேன். முதுகை வளைத்துக்கொண்டு அலறினான்.

"பாட்டில் கேக்குறான் அண்ணி," என்றாள் நாத்தனார், என் முகத்தைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு ராத்திரியில்கூட அவன் குடிக்கவே இல்லை. எனக்கும் வற்றிப்போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகை வருவதில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

போன வாரம் சூப்பர்வைசர் என்னை நிறுத்தினார். "கேட்ட, குடுத்தோம். இப்போ நீயே வர்றதில்ல, மத்தவங்க புள்ளைங்களும் பாட்டிலுக்குப் போயிடிச்சி. சும்மாதான கெடக்குது, ஸ்டோருக்கே உட்டுடலாமா?"

அடுத்த லைனில் ஒருத்திக்கு வயிற்றில் எட்டு மாதம். அவளைக் கை காட்டினேன்.

"அது புள்ளையோட வரும் சார். அதுக்குள்ள ஒரு பொட்டி உள்ள வெச்சிப் பாருங்க."