பாச்சா என்றால் படிப்பது

எழுதத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு தோசை மாஸ்டர் வந்து உட்கார்ந்திருப்பதை முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். விளாத்திகுளம் பக்கத்தில் பத்தாவது வரை படித்தவன் நான். நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். ஆனாலும் இது என்னைப்போல வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கும், ஊரில் இருந்துகொண்டு அவர்களோடு போனில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கும் உதவலாம் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் நான் வேலை செய்யும் கடைக்குக் காலையில் வருகிற இந்நாட்டுத் தமிழர்கள், "பசியாறிட்டீங்களாண்ணே?" என்று கேட்பார்கள். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே அதுதான் பேச்சு. எங்கள் பக்கம் பட்டினி கிடந்தவன் சாப்பிட்டால்தான் பசியாறினான் என்போம். வந்த புதிதில், நம் முகத்தில் அவ்வளவு பசியா தெரிகிறது என்று கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் போய்ப் பார்த்திருக்கிறேன். இப்போது பழகிவிட்டது. ஊரிலிருந்து என் மனைவி முத்துலட்சுமி கேட்கும் "சாப்பிட்டீங்களா?" என்ற கேள்விதான் அந்நியமாகிப் போயிருந்தது. மதியக் கூட்டம் ஓய்ந்ததும் கூப்பிடுவேன். அங்கே அவள் சோறு வடிக்கிற நேரம். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், நீ, இனிமேதான், பிள்ளைக, பள்ளிக்கூடம் போயிருக்காக, சரி. இதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் வராது. ஒருநாள் அவள், "பேச ஒண்ணும் இல்லேன்னா எதுக்குங்க தினமும் கூப்பிடுறீங்க? வாரத்துக்கு ஒருக்கா போதும்" என்றாள். அதற்கும் நான் "சரி" என்றேன். போனை வைத்த பிறகு பயம் வந்தது. இப்படியே போனால், ஒப்பந்தம் முடிந்து வீட்டு வாசலில் போய் நிற்கும்போது, இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி அல்லவா பார்த்துக்கொள்வோம்?

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கெலுகோரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த விசேஷத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். இறக்கி வைத்துவிட்டு வேனுக்காகக் காத்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கீழ்த்தளத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள்; அந்தக் குடியிருப்பின் சின்ன நூலகம். மழைக்கு ஒதுங்கி உள்ளே போய் நின்றேன். மேசையில் இருந்த மலாய்க்கார அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, நான் நின்ற அலமாரியைக் கையால் காட்டி, "நாக் பாச்சா?" என்றார்.

எங்கள் ஊரில் கரப்பான்பூச்சிக்குப் பாச்சா என்று பெயர். நீங்களும் பாச்சா உருண்டை என்று பெட்டிக்கடையில் கேட்டு வாங்கியிருப்பீர்கள். சமையல்கட்டில் வேலை செய்கிறவனுக்கு அந்தச் சொல் காதில் விழுந்தால் மூளை யோசிக்காது, கைதான் யோசிக்கும். சட்டென்று ஒற்றைச் செருப்பைக் கழற்றி ஓங்கிக்கொண்டு அலமாரிக்கு அடியில் குனிந்துவிட்டேன். அந்த அம்மா அலறிக்கொண்டு எழுந்தார். பின்னால் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்தார். கலா என்று பெயர். பக்கத்தில் பிறை என்ற ஊரில் ஃபேக்டரி வேலை, ஞாயிறுகளில் இங்கே உதவிக்கு வருகிறவர்.

"அண்ணே, அண்ணே! என்ன செய்யுறீங்க?"

"பாச்சாம்மா. அவங்கதான் காட்டுனாங்க."

கலா என் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "ஐயோ, பாச்சான்னா மலாய்ல படிக்கிறதுலா! படிக்கப் போறீங்களான்னு கேட்டாங்க. நீங்க புக்க அடிக்கப் போறீங்க!" மலாயில் விளக்கிச் சொன்னதும் அந்த அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்கு மழையில் ஓடிவிடலாமா என்றிருந்தது. கலா விடவில்லை. "வெட்கப்படாதீங்க, வாங்க" என்று மூலையில் இருந்த தமிழ் அலமாரிக்குக் கூட்டிப்போனார். "யாரும் தொடுறதே இல்ல. என் பேர்ல எடுத்துட்டுப் போங்க. அடுத்த வாரம் கடைக்கு வர்றேன், தோசை சாப்பிட்டுட்டு வாங்கிக்குறேன்."

புத்தகம் என்றால் எனக்குப் பள்ளிக்கூடப் பாடமும் பஞ்சாங்கமும்தான். அன்று கைக்கு வந்ததை எடுத்தேன். ஒன்று, பல வருஷம் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர் போவதை ஏன் நிறுத்தினார் என்பது. யாரையும் திட்டாமல் எழுதியிருந்தார். சண்டை இல்லாமல் சாமியைப் பற்றிப் பேசலாம் என்பதே எனக்குப் புதிது. இன்னொன்று, ஒரே வீட்டில் பேசாமல் வாழ்ந்த கணவன் மனைவி பற்றியது. மூன்றாவதை ஒரு பெண் எழுதியிருந்தார். இங்குள்ள ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். மழை பெய்தால் பாலுக்கு மரம் சீவ முடியாது, அப்பா வீட்டில் இருப்பார் என்பதற்காகவே சின்ன வயதில் மழை வேண்டிச் சாமி கும்பிட்டிருக்கிறார். கூலி போகிறதே என்று அவருடைய அம்மா வெயில் வேண்டிக் கும்பிட்டிருக்கிறார். எங்கள் கரிசல் காட்டில் மழைக்கு எதிராக ஒருவர் கும்பிடுவார் என்று யாராவது சொன்னால் நம்பியிருக்க மாட்டேன். கடைசியாக எடுத்தது சரித்திரம். கப்பலில் இங்கு வந்து சேர்ந்த நம் ஆட்களின் கதை.

அந்த வாரம் முத்துலட்சுமியைக் கூப்பிடும் நாள் வந்தது. "சாப்பிட்டீங்களா?" என்றாள். நான் செருப்பு ஓங்கிய கதையைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு விடமுடியாமல், "அந்தப் பொம்பள என்ன நினைச்சிருக்கும்! இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள். சொன்னேன். எடுத்து வந்த புத்தகங்களைப் பற்றியும் சொன்னேன். பிறகு அவளே, "சரி, அந்தப் பேசாத புருசன் பொண்டாட்டி என்ன ஆனாக? நாளைக்குக் கூப்பிட்டு வாசிங்க" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் போனை அடுக்களையில் வைத்துக்கொண்டு காய் நறுக்க, நான் கடைக்குப் பின்னால் எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து வாசிப்பேன். கணவன் பக்கம் நியாயம் என்றேன் நான். "அந்தாளுக்கு நாக்கு என்ன வாடகைக்கா விட்டிருக்கு?" என்றாள் அவள். இரண்டு நாள் சண்டை போட்டோம். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை.

போன வாரம் சரித்திரப் புத்தகத்தில் ஒரு பக்கம் வந்தது. கப்பலில் வந்தவர்களில் சிலருக்கு ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று எழுதியிருந்தது. தாண்டிப் போய்விடலாமா என்று யோசித்து, பிறகு வாசித்துவிட்டேன். காய் நறுக்கும் சத்தம் நின்றது.

"ஏங்க."

"என்ன?"

"நீங்க ஒண்ணும் பேசாம இருந்தீங்கள்ல. அங்க எவளோ இருக்கான்னு நினைச்சேன். அதான் வாரத்துக்கு ஒருக்கா போதும்னேன். கேட்டு, ஆமான்னுட்டா என்ன செய்யுறது?"

அவளுக்கு நான் சலித்துவிட்டேன் என்றல்லவா இங்கே குமைந்துகொண்டிருந்தேன். "பேச வரல முத்து. அவ்வளவுதான்" என்றேன்.

"தெரியுது. கட்டின என்கிட்டயே பேச்சு வரல. இன்னொருத்தி வந்தா அவகிட்ட என்னத்தப் பேசிக் குடும்பம் நடத்துவீங்க?" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "ம், மேல வாசிங்க. குழம்பு கொதிக்குது, கொஞ்சம் சத்தமா."

சத்தமாக வாசித்தேன். என் குரல் கரிசல் காட்டு அடுக்களையில் கேட்டுக்கொண்டிருக்க, நான் பினாங்கில் பக்கம் பறக்காமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தேன்.

மறுநாள் காலை, முதல்முறையாக, அவளே கூப்பிட்டாள். நான் தோசைக்கல் முன்னால் நின்றதால் எடுக்கவில்லை. மதியம் பேசினோம்.