பதினான்காவது வாரம் அவள் ஏன் அழுதாள்

பிரிக்பீல்ட்ஸ் வீடியோ கடையில் ஒரு நோட்டு தொங்கும். ஞாயிறுதோறும் டிவியில் வரும் தமிழ் நாடகத்தில் எந்த வாரம் என்ன நடந்தது என்று யார் வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போடலாம். அதைச் சரிபார்ப்பவர் ஒரு தபால்காரர். தோளில் பை, காதிடுக்கில் பென்சில். தப்பு இருந்தால் அந்த வரியை அவர் அடிக்கமாட்டார். எழுதியவரையே கூப்பிட்டு அடிக்கச் சொல்வார்.

ஒருநாள் பழைய பேப்பரை ஆட்டிக்கொண்டு, முகமெல்லாம் பூரிப்பாக ஓடிவந்தார்.

“தம்பி, பதினாலாவது வாரம் நீங்க எழுதினதுதானே? அன்னிக்கு நாடகமே போடல லா. பேட்மிண்டன் பைனல் போட்டிருக்கான். பேப்பர்லயே இருக்கு, பாருங்க.”

அந்த பைனலுக்கு நான் ஸ்டேடியத்துக்கே போயிருந்தேன். நோட்டில் அந்த வாரம் காலியாகக் கிடந்ததால், ‘கதாநாயகி அழுதாள்’ என்று பிறகு எழுதிவைத்தேன்.

“எந்த வாரம்ணே அவ அழாம இருந்தா?” என்றேன்.

சிரித்துக்கொண்டே பென்சிலை நீட்டினார்.

“எங்க வீட்டுல டிவி இல்ல தம்பி. இந்த நோட்டுலதான் கதை படிக்கிறேன். அவ எதுக்கு அழுதான்னு அடுத்த வாரத்துல ஒண்ணுமே இல்ல. அதான் பேப்பரத் தேடிப் பார்த்தேன்.”

அந்த வரியை அடித்தேன். நாடகத்தின் முடிவு இன்று நினைவில்லை. நான் அழவைத்த பெண்ணுக்காகக் காரணம் தேடி அலைந்தவரை மறக்க முடியவில்லை.