சாந்தாமணி சிஸ்டர் பார்த்த நிறம்

இந்நேரத்தில் உங்கள் போன்களை ஒலிக்க வைப்பதற்கு மன்னியுங்கள். மகன் தூங்கிய பிறகுதான் எழுத முடிகிறது. அவன் அப்பாவுக்கு மேட்டூரில் இரவு ஷிப்ட். சேலத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவில் நம் குழந்தைகளைக் கவனித்துக்கொண்ட சாந்தாமணி சிஸ்டர் இறந்துவிட்ட செய்தி மாலையில் இந்தப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன்.

வலிப்பு வந்து என் மகன் வென்டிலேட்டரில் இருந்த ஐந்தாம் நாள் காய்ச்சல் ஏறியது. எக்ஸ்ரேயில் ஒரு நிழல். அது நிமோனியாவா, நுரையீரலின் ஓரம் சுருங்கியிருக்கிறதா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சிஸ்டர் குமாரபாளையத்துச் சாயப்பட்டறைக் குடும்பம். குழாயில் உறிஞ்சிய சளியைக் காட்டி, "முந்தாநேத்து வெள்ளைங்க. நேத்து வெளுக்காத கோராத் துணியாட்டம் இருந்துச்சு. இன்னைக்கு மஞ்சள் ஏறிருச்சு. ஆக்சிஜனும் ரெண்டு வாட்டி கூட்டியாச்சுங்க" என்றார்.

"சிஸ்டர் இன்னும் பட்டறையை விட்டு வரலை" என்று டாக்டர் சிரித்தார். சிரித்தபடியே சளியைப் பரிசோதனைக்கு அனுப்பி, மருந்தையும் மாற்றினார்.

"நிறம் சந்தேகந்தானுங்க. லேப்தான் சொல்லோணும்" என்றார் சிஸ்டர் என்னிடம். இரண்டு நாளில், லேபில் வைத்த சளியில் கிருமி வளர்ந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, வென்டிலேட்டரில் இருக்கும்போது வரும் நிமோனியா என்று டாக்டர் முடிவு செய்தார்.

மனதை அரித்த ஒன்றை, வீட்டுக்குக் கிளம்பும் நாளில்தான் சிஸ்டரிடம் கேட்டேன். மூன்றாம் நாள், பிள்ளைக்குக் கழுத்து வலிக்குமே என்று, யாரும் பார்க்காதபோது கட்டிலின் தலைமாட்டைத் தாழ்த்தியிருந்தேன். கொஞ்ச நேரம்தான். சிஸ்டர் வந்து உயர்த்திவிட்டு, "ஏனுங்க, உங்க ஊட்டுத் தொட்டிலா இது?" என்று அதட்டினார். வாயில் ஊறுவது நுரையீரலுக்குள் இறங்காமலிருக்கத்தான் தலையை உயர்த்தி வைக்கிறார்கள் என்பது அன்று எனக்குத் தெரியாது.

"அன்னைக்கு நான் தலைமாட்டைத் தாழ்த்தினதாலதான் நிமோனியா வந்துச்சாங்க?"

இல்லை என்று சொல்லிவிடுவார் என நினைத்தேன். கையுறையைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம் சாமி. தெரியாததைத் தெரியும்னு சொல்லமாட்டேன். பையன் தானா மூச்சு உடறான். அது தெரியும்."

அதன்பின் அவன் இருமும்போதெல்லாம் சிஸ்டருக்குத்தான் போன் செய்தேன். "பயப்படறதுக்கு முந்தி பாருங்க" என்பார். இன்று மாலையும் இருமினான். கைக்குட்டையை விளக்கருகே பிடித்துப் பார்த்தேன். வெள்ளைதான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பார்வை. அந்தக் கேள்வியும் மிஞ்சியிருக்கிறது. நான் தலைமாட்டைத் தாழ்த்தியதை அறிந்தவர் அவர் ஒருவர்தான், வீட்டில்கூடச் சொன்னதில்லை.

உங்களில் யாராவது அவரிடம் இப்படி ஒன்றைக் கேட்டதுண்டா? படித்ததும் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.