இதுதான் அந்த மெஷினின் ஒரிஜினல் சத்தமாம்!

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கிங்ஸ்பரியில் பொரித்த கோழிக் கடை வைத்திருக்கும் அண்ணையிடம் எண்பதுகளின் வீடியோ கேம் மெஷின் ஒன்று இருக்கிறது. விண்கலங்களைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டு.

அதன் சவுண்ட் போர்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சோதித்து, வறண்டுபோயிருந்த ஒரு கப்பாசிட்டரை மாற்றினேன். இன்று கடையில் போர்டைத் திரும்ப மெஷினில் பூட்டி, விளையாட்டைப் போட்டேன். கலம் வெடித்த சத்தம் வயிறு வரை அதிர்ந்தது. இத்தனை காலமும் வெறும் தகரப்பேணி உருளுவதுபோலத்தான் கேட்டது.

அண்ணை முகத்தைச் சுளித்தார்.

"தம்பி, உது பிழையான சத்தம். பழையபடி ஆக்கித் தாரும்."

"அண்ணை, மெஷினைச் செய்தவங்கள் வச்ச சத்தம் இதுதான். சர்க்கிட் படத்தைப் பாருங்கோ."

"படத்தில சத்தம் கேக்குமே? இன்ரநெற்றில ஒரிஜினல் கிடக்கு. வாரும், காட்டுறன்."

கல்லாவுக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டரில் ஒரு வீடியோவைப் போட்டார். அதே தகரப்பேணி! கீழே ஆளுக்காள், "ஆகா, இதுதான் உண்மையான ஒலி" என்று உருகியிருக்கிறார்கள்.

நான் வீடியோவின் ஓரத்தைப் பார்த்தேன். மெஷினுக்குப் பின்னால் அண்ணையின் கடை மெனுப் பலகை தொங்குகிறது.

"இதை எடுத்தது ஆர் அண்ணை?"

"என்ர மருமகன்தான்."

"இந்த மெஷினிலயோ?"

"ஓம். வேற எதில? அப்ப பாரும், நான் சொன்னது சரிதானே?"

கழற்றிய கப்பாசிட்டர் இன்னும் என் சட்டைப் பையில்தான் கிடக்கிறது. அதைத் திரும்பப் பூட்டச் சொல்பவர்கள் தாராளமாகக் கீழே எழுதலாம். என் நண்பர் பட்டியலிலிருந்து யாரை நீக்குவதென்று எனக்கும் தெரியவேண்டுமல்லவா?