பதினாலாம் எண்ணை அழைத்தவர்

தேயிலை மலையின் மேல்மட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது அச்செய்தி வந்தது. எங்கள் மலையில் தண்ணீர்த் தொட்டியருகே மட்டும்தான் கைப்பேசி உயிர்பெறும். சாக்கை இறக்கிவைத்துவிட்டுச் சற்று இளைப்பாறிய வேளையில், எங்கள் லயத்து வரிசை வீட்டாரின் கைப்பேசிக் குழுவில் ஒன்பதாம் வீட்டுக் கோபால் அனுப்பிய குரல்பதிவு ஒலித்தது. “எல்லாரும் கேட்டுக்குங்க. ராக்கப்பன் அண்ணன் ஆஸ்பத்திரில தவறிட்டாரு. ஒரு மணி நேரம் ஆச்சு.” கைப்பேசி வெறும் மூச்சை மட்டும் சிறிது நேரம் ஒலித்துவிட்டு அடங்கியது.

நான் கீழே இறங்குவதற்குள் பனிமூட்டம் என்னை முந்திக்கொண்டது. லயத்தின் வாசல்களுள் இரண்டு மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தன. அப்பிற்பகலில் அண்ணன் வாசலில் தொங்கும் இரும்பு வளையத்தை எவரும் அடிக்கவில்லை. எவரும் வீட்டு எண்களை அழைக்கவில்லை. யார் வீட்டில் இருக்கிறார்கள், யார் இன்னும் மலையில் இருக்கிறார்கள் என்பதை அறியாமலே நாங்கள் கதவுகளைச் சாத்திக்கொண்டோம். அண்ணன் இறந்துவிட்டார் என்பதை என் உள்ளம் ஏற்றுக்கொண்டது அந்த அமைதியில்தான்.

ராக்கப்பன் அண்ணன் எங்கள் தோட்டத்தின் கொழுந்து லோரியை ஓட்டி ஓய்வுபெற்றவர். முதலாம் எண் வீட்டில் தனியே வாழ்ந்தவர். எங்கள் குடியிருப்போர் பாதுகாப்புக் குழுவில் அவர் எந்தப் பதவியையும் ஏற்கவில்லை. செயலாளர் பொறுப்பை வகிப்பவள் நான். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பழைய நாளிதழ்களை வாசித்தே தமிழைக் கற்றுக்கொண்ட எனக்கு, முறையான நடையில் மனு எழுதுவதில் பெருமையுண்டு. கியா பார்மிலிருந்து பிரேக் பிடிக்காமல் இறங்கிவரும் காய்கறி லோரிகள், காணாமற்போகும் சமையல் கேஸ் தோம்புகள், லயத்துக்கு மேலேயுள்ள காய்கறித் தோட்டத்திலிருந்து எங்கள் வீடுகளுக்குப் பின்னுள்ள மண்மேட்டில் பாயும் வடிகால் என்று குழுவில் வரும் முறையீடுகள் அனைத்தையும் மனுவாக்குவது என் பணி. அண்ணன் அவற்றைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்பார். “செயலாளரம்மா, இத அந்த மேட்டுக்கிட்ட ஒருக்கா படிச்சுக் காட்டுங்க. பயந்துகிட்டு அப்படியே நின்னுடும்லா” என்பார். அனைவரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், சற்றுக் கோபத்துடன்.

பனிப் பெரட்டு அவர் தொடங்கிய வழக்கம். காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டைப் போலவே, பிற்பகலில் பனி இறங்கியதும் தம் வாசலில் தொங்கவிட்ட பழைய லோரிச் சக்கரத்தின் இரும்பு வளையத்தை மூன்று முறை அடிப்பார். பிறகு ஒவ்வொரு வீட்டு எண்ணாக அழைப்பார். பனிக்குள்ளிருந்து “இருக்கேன்” என்றோ, “ரெண்டு பேரு உள்ள, ஒருத்தி மலையில” என்றோ விடை வரும். பதினாலும் முடிந்தபின், “கணக்கு சரி. கதவச் சாத்துங்க” என்பார். ஒருமுறை, எல்லாரும் வீட்டுக்குள் இருந்தாக வேண்டுமா என்று கேட்டேன். “உள்ள இருக்கணும்னு இல்லம்மா. எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சாப் போதும், கணக்கு சரி” என்றார்.

இவ்வழக்கத்துக்கான காரணத்தை அவர் ஒரேயொரு முறைதான் என்னிடம் கூறினார். இளைஞராக இருந்தபோது வேறொரு தோட்டத்தில் மண் சரிந்து ஒரு லயம் மூடிப்போயிருக்கிறது. “எத்தன பேரத் தேடறோம்னு தெரியாமத் தோண்டினோம்மா. போதும்னு நிறுத்துனோம் பாருங்க, அது சரியான எடமா இல்லையான்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது.”

மேட்டையொட்டிய பதினாலாம் வீட்டுக் குடும்பம் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவுக்குக் குடிபெயர்ந்தது. அதன்பின் பனி இறங்கிய முதல் நாள், அண்ணன் பழக்கத்தின் காரணமாகப் பதிமூன்றோடு நிறுத்தாமல், “பதினாலு” என்று அழைத்துவிட்டார். தம் தவற்றை உணர்ந்து அவர் நாக்கைக் கடித்துக்கொண்டதை அருகில் நின்ற நான் பார்த்தேன்.

“இருக்கேன்.”

அக்குரல் லயத்தின் கோடியிலிருந்து வந்தது. ஆணுடையதா பெண்ணுடையதா என்று பிரித்தறிய முடியவில்லை. நனைந்த துணிக்குள்ளிருந்து பேசுவதைப் போலிருந்தது. சொல்லின் ஈற்றைச் சிறிது நீட்டியது. அனைவரும் அதைக் கேட்டோம். ஒரு கதவு படாரெனச் சாத்தப்பட்டது. அண்ணன் கோடியை நோக்கித் தலையசைத்தார். பிறகு, “கணக்கு சரி. கதவச் சாத்துங்க” என்றார்.

மறுநாள் காலையில் கோபாலும் வேறு இருவரும் கம்புகளோடு சென்று பார்த்தார்கள். முன்கதவில் பூட்டு தொங்கியது. பூட்டின்மேல் சிலந்தி வலை பின்னியிருந்தது. வீட்டின் பின்புறத்துக்கும் மண்மேட்டுக்கும் இடையே ஓராள் ஒருக்களித்து நுழையும் இடைவெளிதான். அங்கே போக எவரும் துணியவில்லை. அடுத்து வந்த பனி நாள்களிலும் அண்ணன் பதினாலை அழைத்தார். ஒவ்வொரு முறையும் விடை வந்தது.

கோவில் மண்டபத்தில் குழுவைக் கூட்டினேன். பதிமூன்றாம் வீட்டுச் செல்வி கைக்குழந்தையோடு எழுந்து நின்றாள். “பேயின்னா தாயத்து கட்டிக்கலாம்லா. ஆளுன்னா என்னா செய்யறது? வேலை பெர்மிட் இல்லாதவன் எவனாச்சும் தோட்டத்துலேருந்து ஓடிவந்து ஒளிஞ்சிருந்தா? நடுவுல ஒரு செவருதான் எனக்கு.” அவள் அச்சத்தில் நியாயம் இருந்தது. நான் முன்னரே எழுதிவந்த தீர்மானத்தை வாசித்தேன்: ‘ஆளற்ற வீடுகளின் எண்களை அழைப்பது குடியிருப்போரிடையே அச்சத்தை விளைவிப்பதால், அதனை உடனடியாகக் கைவிடுமாறு இக்குழு தீர்மானிக்கிறது.’ எல்லாக் கைகளும் உயர்ந்தன. அண்ணன் மட்டும் தொப்பியை மடியில் வைத்தவாறு அமர்ந்திருந்தார். “செயலாளரம்மா, நீங்க அழகாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா கூப்பிட்டாப் பதில் சொல்றது ஆளோ ஆவியோ, அத ‘ஆளில்ல’ன்னு எப்படி எழுதறது?”

“அண்ணே, அப்ப அதுக்கும் சந்தா வாங்குவீங்களா?” என்றார் கோபால். மண்டபம் சிரித்தது. தீர்மானம் நிறைவேறியது. அண்ணன் அதற்குப் பணியவில்லை.

என் தீர்மானம் மதிக்கப்படவில்லை என்ற சினத்தோடு ஒரு மாலை அவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் ஓர் எனாமல் மங்குக் கிண்ணத்தில் சோறும் குழம்பும் போட்டு மூடி, லயத்தின் கோடியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். மங்கின் அடியில் சிவப்புச் சாயத்தில் தம் வீட்டு எண்ணான ‘1’ஐ எழுதியிருந்தார். பதிமூன்றாம் வீட்டை அடுத்த வேலித்தூணின்மேல் அதை வைத்துவிட்டு, தலையைத் திருப்பாமல் திரும்பி வந்தார். மறுநாள் காலையில் அது கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும் என்றார்.

“யார் அது, அண்ணா?”

“தெரியாதும்மா. நான் பாக்கறதில்ல. பாத்தா, கேக்கறவங்களுக்குச் சொல்லணும். பொய் எனக்கு வராது.”

“ஓர் அபாயத்தை மறைப்பது குற்றமாகும்” என்றேன், கூட்டத்தில் பேசும் அதே நடையில்.

அவர் கோபப்படவில்லை. “லோரி ஓட்டறப்ப, பனியில ஒவ்வொரு வளைவுலயும் ஹாரன் அடிப்போம். அடிச்சிட்டு நிப்போம், எதுத்தாப்ல பதில் வருதான்னு. கேட்டுட்டு நிக்காமப் போறவன்தாம்மா இடிப்பான்.”

அன்றிரவே தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதினாலாம் வீட்டில் அடையாளம் தெரியாத எவரோ தங்கியிருப்பதாகவும், உரிய அதிகாரிகளை வரவழைத்து அகற்ற வேண்டுமெனவும் அதில் கோரினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சீரான கடிதம் அதுவே. மறுநாள் தொடங்கிய மழை மூன்று நாள் ஓயவில்லை. ஆபீசுக்குச் செல்லும் பாதையில் மரம் விழுந்து கிடந்தது. கடிதம் என் பையிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகலில் மழையோடு பனியும் சேர்ந்தது. அண்ணன் வளையத்தை அடித்தார். ஒன்று முதல் பதிமூன்று வரை விடை வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். பிறகு அவர், “பதினாலு” என்றார். நான் என் வாசலில் நின்று பற்களைக் கடித்துக்கொண்டேன்.

விடை வரவில்லை. அவர் காத்திருந்தார். மழை ஒலியைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. நானாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். அவர் இன்னும் காத்திருந்தார்.

“வெளிய போ.” அதே நனைந்த குரல், இம்முறை உடைந்திருந்தது. “எல்லாம் வெளிய போ. மண்ணு.”

அண்ணன் வளையத்தை நிறுத்தாமல் அடிக்கத் தொடங்கினார். நாங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, செருப்புமின்றிப் பெரட்டுக் களத்துக்கு ஓடினோம். பெரும் இடியோசையை எதிர்பார்த்தேன். வந்ததோ, அகலமான துணியொன்றை யாரோ பொறுமையாகக் கிழிக்கும் ஒலி. பனி சற்று விலகியபோது பதினாலும் பதிமூன்றும் அங்கே இல்லை. பன்னிரண்டில் பாதி இருந்தது. செல்வி தன் குழந்தையின் தலையைத் தடவியவாறே, “ஒரு செவருதான், ஒரு செவருதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மீட்புப் பணியாளர்கள் வந்து, மண்ணுக்குள் எத்தனை பேர் என்று மலாய் மொழியில் கேட்டார்கள். செயலாளர் என்ற முறையில் நான் முன்வந்து, பதிமூன்று வீட்டாரும் வெளியே உள்ளனர், எவருமில்லை என்றேன். எனக்குப் பின்னாலிருந்து அண்ணன், “இன்னொருத்தர் இருக்காரு” என்றார்.

பெயர் கேட்டார்கள். தெரியாது என்றார். ஆணா பெண்ணா என்றார்கள். தெரியாது என்றார். “அப்படியானால் யார்?” என்று அவர்களின் அதிகாரி பொறுமையிழந்து கேட்டார்.

“பதினாலு.”

அனைவரும் என்னைப் பார்த்தார்கள். மீண்டும் இல்லை என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் தோண்டுவதை விட்டிருப்பார்கள். என் பையில் அக்கடிதம் மழையில் ஊறிக்கொண்டிருந்தது. “ஆம், ஒருவர் இருக்கிறார்” என்றேன். இரண்டு நாள் தோண்டினார்கள். கதவும் பூட்டும் கிடைத்தன. உடல் கிடைக்கவில்லை, அந்த மங்கும் கிடைக்கவில்லை. இருந்த ஆள் தப்பித்தாரா, இருந்தது ஆள்தானா என்பதை எவராலும் சொல்ல முடியவில்லை.

வீடிழந்த இரு குடும்பங்களும் பக்கத்து வரிசைக்கு மாறி, தம் பழைய எண்களுக்கு அங்கிருந்தே விடையளித்தன. பனிப் பெரட்டு தொடர்ந்தது. பதினாலை அழைக்க வேண்டாமென்று அதன்பின் எவரும் சொல்லவில்லை. அண்ணன் மண்மேட்டை நோக்கி அழைப்பார், நெடுநேரம் காத்திருப்பார். “கதவச் சாத்துங்க” என்பார். ‘கணக்கு சரி’ என்ற சொற்களை மட்டும் அந்நாள் முதல் அவர் வாய் உச்சரிக்கவில்லை. நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் கிடந்தபோதும் என்னிடம் அவர் சொன்னது அதைப் பற்றித்தான். “பதிமூணோட நிறுத்திடாதீங்கம்மா.”

அவரைத் தகனம் செய்த மறுநாள் காலை, அவர் வாசலைப் பெருக்கச் சென்ற செல்வி என்னைக் கூவி அழைத்தாள். படியின்மேல் ஓர் எனாமல் மங்கு, கழுவிக் கவிழ்க்கப்பட்டு, ஈரம் காயாமல் இருந்தது. எடுத்துத் திருப்பினேன். அடியில் சிவப்பு நிறத்தில் ‘1’.

“யாராச்சும் மண்ணுலேருந்து கண்டெடுத்து வெச்சிருப்பாங்கலா” என்றார் கோபால். அவர் குரலில் உறுதியில்லை.

“மண்ணுல கெடந்தது இப்படியா பளபளன்னு இருக்கும்?” என்றாள் செல்வி. பிறகு குரலைத் தாழ்த்தி, “அக்கா, இத எழுதி வெக்கப் போறீங்களா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். யார் வைத்தது என்று நான் விசாரிக்கவில்லை. படியைத் தாண்டித் தேயிலைக்குள் சென்ற ஈரத் தடத்தையும் நான் பின்தொடரவில்லை.

மூன்று நாள் கழித்துப் பனி இறங்கியது. அவர் வாசலுக்குச் சென்று வளையத்தை மூன்று முறை அடித்தேன். “ஒன்று” என்று தொடங்கினேன். ஆளற்ற வீட்டை அழைக்கலாகாது என்பது நானே எழுதிய தீர்மானம். பூட்டிய கதவின்முன் அவர் காத்திருக்கும் அளவுக்குக் காத்திருந்தேன். அவர் எங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். பிறகு ஒவ்வொரு வீடும் விடையளித்தது. “பதினாலு” என்று மேட்டை நோக்கி அழைத்தபோது பனிக்குள்ளிருந்து எதுவும் பேசவில்லை. என் இடக்கையில் அந்த மங்கு இருந்தது. அது குளிர்ந்திருந்தது.

லயத்துக்கு வெளியே அவரை அறிந்த உங்கள் அனைவருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்றே எழுதுகிறேன். ஆபீசில் சேர்க்கப்படாத அக்கடிதமும் அம்மங்கும் என்னிடம் உள்ளன. முன்னதை நாணத்தோடும் பின்னதை நன்றியோடும் வைத்திருக்கிறேன். அன்று இறுதியில் நான் குரலெடுத்துச் சொன்னதை லயம் முழுதும் கேட்டது.

“கணக்கு சரி. கதவைச் சாத்துங்கள்.”